பாறை வெடிப்பில் சிக்கிய நட்டையும் கேமையும் எடுக்கும் புதிய கருவிக்குத் திரள்நிதி திரட்டுவது எப்படி? பினாங்கிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் பாறை ஏறுபவர்களுள் பெரும்பாலோர் போல்ட் பதித்த தடங்களிலேயே ஏறுகிறார்கள். கோலாலம்பூரை ஒட்டிய பத்துமலைச் சுண்ணாம்புப் பாறைகளில், டாமாய், நன்யாங், நியாமுக் என்று அழைக்கப்படும் சுவர்களில், நிரந்தரமாகப் பதித்து வைத்த எஃகு போல்ட்டுகளில் கயிற்றைக் கோத்தபடி ஏறுவதே வழக்கம் என்பதால், அங்கே வெடிப்பில் செருகி எடுக்கும் பாதுகாப்புக் கருவிகளான நட்டோ கேமோ சிக்கிக்கொள்ளும் பேச்சே பெரும்பாலும் எழுவதில்லை. முன்னால் ஏறுபவர் பாதுகாப்புக் கருவிகளைத் தாமே வெடிப்பில் பொருத்திக்கொண்டு போக, பின்னால் வருபவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்து வரும் முறை, தியோமான் தீவின் முக்குட் கிராமத்துக்கு மேலே எழுந்து நிற்கும் நெனெக் செமுக்குட் கருங்கல் சிகரங்கள் போன்ற சில இடங்களில்தான் இங்கே வேரூன்றியுள்ளது. ஆகவே, இத்தகைய கருவி ஒன்றைப் பினாங்கில் வடிவமைத்து அதற்கு நிதி தேடும் ஒருவர், அதை வாங்கப்போகிறவர்கள் வேல்ஸிலும் அமெரிக்காவின் யோசமிட்டியிலும் ஆஸ்திரேலியாவின் அராபிலிஸிலும் இருக்கிறார்கள் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். எந்தத் தளத்தில் நிதி கேட்பது, எந்த நாணயத்தில் விலை வைப்பது, எந்த மாதத்தில் தொடங்குவது ஆகிய முடிவுகள் யாவும் இந்த ஒரு நிலையைச் சார்ந்தவை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கிரவுட்ஃபண்டிங் எனப்படும் திரள்நிதியை நன்கொடை என்று நினைப்பவர்களும் உண்டு, முதலீடு என்று நினைப்பவர்களும் உண்டு. இங்கே நாம் பேசும் வகை இரண்டுமல்ல. இன்னும் செய்யப்படாத ஒரு பொருளுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, சொன்ன காலத்தில் அதைச் செய்து கொடுப்பதாக ஒப்புக்கொள்வதே இது. முன்பணம் வாங்குகிறவருக்கு உற்பத்திச் செலவும் அஞ்சல் செலவும் சென் கணக்கில் தெரிந்திருக்க வேண்டும். நிதி கேட்கும் பக்கம் திறப்பதற்கு முந்தைய ஆறு அல்லது எட்டு மாத வேலைதான் முக்கியம் என்பதால், இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த மாதங்களைப் பற்றியதாகவே அமைகிறது.

எந்தச் சிக்கலைத் தீர்க்கிறீர்கள்?

நட் என்பது எஃகுக் கம்பியில் கோத்த ஆப்பு வடிவ அலுமினியத் துண்டு. வெடிப்பு கீழே குறுகும் இடத்தில் அதை வைத்து இழுத்தால், இழுக்க இழுக்க இறுகும். அதனால்தான் அது விழுபவரைத் தாங்குகிறது. விழுந்தவரைத் தாங்கிய பிறகு எளிதில் வர மறுப்பதும் அதனால்தான். வைத்த வழியிலேயே எதிர்த்திசையில் தள்ளினால் நட் வெளிவரும் என்பது விதி. ஆனால் அந்த வழி வளைந்ததாகவோ, விரல் நுழையாததாகவோ, நட்டின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாததாகவோ இருக்கும்போது, பின்னால் வருபவர் ஒரு கையால் பாறையைப் பற்றிக்கொண்டு மறு கையால் போராட வேண்டியிருக்கிறது.

கேமின் கதை வேறு. ரே ஜார்டின் வடிவமைத்து, 1978இல் வைல்ட் கண்ட்ரி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபிரண்ட் என்ற கருவியிலிருந்து இன்றுவரை, சுருள் வடிவில் வெட்டிய மடல்கள் விரிந்து பாறையின் இரு சுவர்களையும் அழுத்துவதே அதன் இயக்கம். ஜார்டின் தேர்ந்த 13.75 பாகைக் கோணத்தில், கீழ்நோக்கி இழுக்கும் விசையைப் போல் சுமார் இரு மடங்கு விசை ஒவ்வொரு சுவரின் மீதும் விழுகிறது. கேம் இரண்டு விதமாகச் சிக்கும். அளவுக்கு மிஞ்சிய பெரிய கேமைச் சிறிய வெடிப்பில் திணித்தால், மடல்கள் முழுதும் சுருங்கிப்போய், அவற்றைச் சுருக்க விரலால் இழுக்கும் விசையை (ட்ரிகர்) இழுத்தாலும் மேலும் சுருங்க இடமிராது. கயிறு அசைய அசைய கேம் தானே உள்நோக்கி நகர்ந்துவிட்டால், மடல்களுக்கு அசைவிடம் இருந்தும் விசைக்கு விரல் எட்டாது. பின்னதற்கு அனுபவசாலிகள், இரு நட்டுகளின் கம்பி வளையங்களை விசையின் இரு முனைகளிலும் மாட்டி இழுக்கும் பழைய உத்தியைக் கையாள்கிறார்கள்.

ஆக, இறுகிய நட், சுருங்கிப்போன கேம், எட்டாத விசை ஆகியவை மூன்றும் தனித்தனித் தொல்லைகள். சிக்கியதை எடுப்பதற்கென்று இன்று கடைகளில் கிடைக்கும் நட் டூல், ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளத் தட்டையான எஃகுப் பட்டையாகவும், முனையில் சிறு கொக்கி உடையதாகவும் இருக்கிறது. முதல் தொல்லைக்கு அது நன்றாகவும், மூன்றாவதற்கு அரைகுறையாகவும், இரண்டாவதற்கு ஏறத்தாழ ஒன்றுமில்லாமலும் உதவுகிறது. உங்கள் கருவி இவற்றுள் எதைத் தீர்க்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். மூன்றையும் தீர்க்கும் என்று எழுத நேர்ந்தால், வடிவமைப்பு இன்னும் முடியவில்லை என்றே கொள்ள வேண்டும். போல்ட் முறுக்கும் துளை, மூடி திறக்கும் பள்ளம் என்று சேர்த்துக்கொண்டே போவது விற்பனைக்கு உதவலாம். பாறையில் தொங்குபவருக்கு அவற்றால் ஆவது எடை கூடுவது மட்டுமே.

மாதிரியும் உலோகமும்

பினாங்கில் இருப்பதன் உண்மையான பயன் இந்தப் படியில்தான் தெரியும். 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கப்பட்டதிலிருந்து, மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு, வேலைத் துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் ஜிக்கும் ஃபிக்ஸ்சரும் செய்து கொடுக்கும் நுண்பொறிப் பட்டறைகள் தீவிலும், பெருநிலத்தில் புக்கிட் மெர்தாஜாம், சிம்பாங் அம்பாட் பகுதிகளிலும் பெருகியுள்ளன. ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைப் பற்றி அன்றாடம் பேசுபவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுள் நம்மவர்களும் பலர். “அண்ணே, இந்த மாதிரி ஒண்ணு வெட்டித் தர முடியுமா?” என்று காகிதத்தில் கிறுக்கிய படத்தோடு போனால் மரியாதைக்கு ஒன்று செய்து கொடுப்பார்கள். அளவும் ஏற்கத்தக்க பிழையளவும் உலோகத்தின் தரமும் குறித்த முறையான வரைபடத்தோடு போனால் விலையும் காலமும் சொல்வார்கள். திரள்நிதிக்குத் தேவை இரண்டாவது வகை உரையாடல்.

உலோகத் தேர்வைச் சுருக்கமாகச் சொல்லலாம். எளிதில் கிடைக்கும் 304 வகைத் துருப்பிடிக்காத எஃகை வெப்பப் பதத்தால் கடினமாக்க முடியாது என்பதால், நெம்பும்போது மெல்லிய பட்டை வளைந்து அப்படியே நின்றுவிடும். 17-4 பி.எச். வகையை வெட்டி முடித்தபின் 482 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால், ராக்வெல் சி அளவில் 40ஐ எட்டும் கடினத்தைப் பெறும். டைட்டானியம் இலேசானது, விலை மிகுந்தது. 200 மில்லிமீட்டர் நீளம், 15 மில்லிமீட்டர் அகலம், 2.5 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட பட்டையின் பருமன் 7.5 கன சென்டிமீட்டர். அது எஃகில் சுமார் 58 கிராமும் டைட்டானியத்தில் சுமார் 33 கிராமும் நிறுக்கும். இந்த 25 கிராம் வேறுபாட்டுக்கு வாங்குபவர் எவ்வளவு கூடுதலாகத் தருவார் என்பதைக் கேட்டறிந்தபின் முடிவெடுங்கள். முதல் உற்பத்தி ஓட்டத்தில் எஃகே போதும் என்பது என் கருத்து. டைட்டானிய வகையை இரண்டாம் ஓட்டத்துக்கு விட்டு வைக்கலாம்.

முதல் ஐந்தாறு மாதிரிகளை, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பியால் அறுக்கும் வயர் கட் முறையில் வெட்டுவது நல்லது. மெதுவானது, ஒரு துண்டின் விலையும் கூடுதல். ஆனால் கொக்கியின் வளைவு வரைந்தபடியே வரும். நூற்றுக்கணக்கில் செய்யும்போது லேசர் வெட்டுக்கு மாற வேண்டியிருக்கும். அப்போது வெட்டிய விளிம்பில் பிசிறும் கூர்மையும் மிஞ்சும். பிசிறு நீக்கி விளிம்பை உருட்டும் வேலையைத் தனி வரியாக விலைப்பட்டியலில் போடச் சொல்லுங்கள். கயிறும் ஸ்லிங் எனப்படும் பட்டை வளையமும் நைலான் போன்ற இழைகளால் ஆனவை. கூரான எஃகு விளிம்பு அவற்றின் மீது உரசுவதை எந்த ஏறுபவரும் பொறுத்துக்கொள்ளமாட்டார். கேமின் விசைக்கம்பிகள் மிக மெல்லியவை என்பதால் கொக்கியின் உட்புறமும் மழுங்கியிருக்க வேண்டும். உள்ளங்கையால் குத்தித் தள்ளுவதற்கான அகன்ற அடிப்பகுதியும், கைதவறினால் கீழே நிற்பவர் தலையில் விழாதபடி கயிறு கட்டும் துளையும் இன்றியமையாதவை.

சோதனை: நம்பும்படி காட்டுதல்

இந்தப் படியைப் பலர் ஒரு பிற்பகலில் முடித்துவிடுகிறார்கள். என் பார்வையில் முழு முயற்சியும் நிற்பதும் விழுவதும் இங்கேதான். வாங்கப்போகிறவர் பல்லாண்டுகளாகப் பழைய நட் டூலை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஏறுபவர். அவருக்கு உங்கள் சொற்கள் தேவையில்லை. பழைய கருவிக்கு வராதது உங்கள் கருவிக்கு வந்ததா என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

முதலில் செயற்கை வெடிப்பு ஒன்றை அமையுங்கள். சமையல் மேடைக்கும் கல்லறைக்கும் கல் அறுப்பவர்களிடம் கனமான கருங்கல் மீதித் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். இரு துண்டுகளை இரும்புச் சட்டத்தில் எதிரெதிராகப் பொருத்தி, இடைவெளியை திருகால் கூட்டவும் குறைக்கவும் ஏற்பாடு செய்தால், குறுகும் வெடிப்பு, இணையான வெடிப்பு, வாய் விரிந்த வெடிப்பு ஆகிய மூன்றையும் உருவாக்கலாம். நட்டை வைத்து, ஹைட்ராலிக் ஜாக்கியும் விசை அளக்கும் லோட் செல்லும் கொண்டு 1, 2, 4 கிலோநியூட்டன் என்று படிப்படியாக இழுத்து இறுக்குங்கள். 80 கிலோ எடையுள்ளவர் அசையாமல் தொங்கினால் ஏறக்குறைய 0.8 கிலோநியூட்டன் என்பதையும், விழும்போது அது பன்மடங்காகும் என்பதையும் நினைவில் வைத்தால் இந்த எண்களின் பொருள் விளங்கும். பின்னர் ஒரே நட்டை, ஒரே இறுக்கத்தில், முதலில் பழைய கருவியாலும் பிறகு உங்கள் கருவியாலும் எடுங்கள். எத்தனை நொடியில் வந்தது, எத்தனை முறை குத்த வேண்டியிருந்தது, எடுத்த பின் நட்டின் கம்பியும் கேமின் விசையும் சேதமுற்றனவா என்பனவற்றை அட்டவணையாக எழுதுங்கள். தோற்ற சோதனைகளும் அட்டவணையில் இருக்கட்டும். எல்லாவற்றிலும் வென்றதாகக் காட்டும் அட்டவணையை இத்துறையில் யாரும் நம்புவதில்லை.

அடுத்து உண்மைப் பாறை. பினாங்குத் தீவே கருங்கல் தீவுதான் என்றாலும், பாறையைத் தொடும் முன் நிலம் யாருடையது என்பதையும் ஏற அனுமதி உண்டா என்பதையும் கேட்டறிவது கடமை. தியோமானுக்குச் செல்வதாக இருந்தால், வடகிழக்குப் பருவமழை வீசும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களைத் தவிருங்கள். கடல் கொந்தளிப்பால் படகுகள் குறைந்துவிடும். பத்துமலையில் காணொளி மட்டும் எடுப்பதானால் தைப்பூச வாரத்தை விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் அப்பக்கம் வண்டி நிறுத்தவும் இடமிராது. எங்கே சோதித்தாலும் கருவியால் பாறையைக் குத்தாதீர்கள். இரும்பு ஆணிகளை அடித்து அடித்து வெடிப்புகள் சிதைந்ததால்தான் 1970களில் ஏறுபவர்கள் நட்டுக்கு மாறினார்கள் என்பதால், பாறையில் தழும்பு ஏற்படுத்தும் கருவிக்கு அந்தச் சமூகத்தில் மன்னிப்புக் கிடையாது.

சோதனைக்குப் பிறகு, ஐந்தாறு மாதிரிகளை முன்பின் தெரியாத அனுபவசாலிகளுக்கு அனுப்பி, ஒரு பருவம் முழுதும் பயன்படுத்தச் சொல்லுங்கள். நண்பர்கள் புகழ்வார்கள், அந்நியர்கள்தான் வளைந்த கொக்கியைப் படம் எடுத்து அனுப்புவார்கள்.

காப்புரிமையும் பொறுப்பும்

மாதிரியை வெளியாருக்கு அனுப்பும் முன்பும், காணொளியைப் பொதுவில் இடும் முன்பும் முடிக்க வேண்டிய வேலை காப்புரிமை விண்ணப்பம். முதலில் எஸ்பாசெனட், கூகுள் பேட்டண்ட்ஸ் ஆகிய இலவசத் தேடுதளங்களில் ஏ63பி 29 என்ற வகைப்பாட்டின் கீழ்த் தேடுங்கள். மலையேற்றக் கருவிகள் அந்த எண்ணின் கீழ் வருகின்றன. உங்கள் எண்ணம் பல ஆண்டுகளுக்கு முன்பே யாருக்கோ வந்திருப்பதைக் காண நேரலாம். அந்தக் காப்புரிமையின் காலம் முடிந்திருந்தால், அதைப் பயன்படுத்தத் தடையில்லை. அதன் மேல் புதிதாகச் சேர்த்த பகுதிக்கு மட்டும் நீங்கள் உரிமை கோரலாம்.

மலேசியாவில் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் கீழ், மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காப்புரிமை 20 ஆண்டுகளுக்கு உரியது. சிறு மேம்பாடுகளுக்குப் பயன்பாட்டுப் புத்தாக்கம் என்ற எளிய வகையும் உண்டு. முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 12 மாதங்களுக்குள் பிற நாடுகளில் முன்னுரிமை கோரி விண்ணப்பிக்கலாம். இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. மலேசியாவில் வசிப்பவர், இங்கே விண்ணப்பித்து இரண்டு மாதம் ஆவதற்கு முன், எழுத்துமூல அனுமதியின்றி வெளிநாட்டில் விண்ணப்பிப்பதை இச்சட்டத்தின் 23ஏ பிரிவு தடைசெய்கிறது. அடுத்தது, கண்டுபிடித்தவர் தாமே வெளிப்படுத்தியதற்கு மலேசியச் சட்டம் ஓராண்டுச் சலுகை தந்தாலும், ஐரோப்பாவில் அத்தகைய பொதுச் சலுகை இல்லை. விண்ணப்பத்துக்கு முதல் நாள் இட்ட ஒரு காணொளி, ஐரோப்பிய உரிமையை முழுதாகக் கெடுத்துவிடும். ஒரு சிறு எஃகுப் பட்டைக்காகப் பத்து நாடுகளில் காப்புரிமை எடுப்பது வீண் செலவு என்றே நான் கருதுகிறேன். ஆனால் உள்நாட்டு விண்ணப்பத் தேதி ஒன்றையாவது கையில் வைத்துக்கொண்டு பக்கத்தைத் திறப்பது நல்லது.

பாதுகாப்புத் தரம் பற்றிய குழப்பம் இத்துறையில் வழக்கமாக எழும். நட்டுகளுக்கு இ.என். 12270, கேம்களுக்கு இ.என். 12276 என்று ஐரோப்பியத் தரங்கள் உள்ளன. அவை விழுபவரைத் தாங்கும் கருவிகளுக்கு உரியவை. உங்கள் கருவி உடல் எடையைத் தாங்குவதில்லை. அவ்வாறு பயன்படுத்தக்கூடாது என்பதைக் கருவியின் மீதே பொறித்துவிடுங்கள். கராபினர் போன்ற கொக்கியை அதோடு இணைத்தால், அதில் தொங்கக்கூடாது என்ற எச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை. இதற்கு மேலும், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் பத்தாம் பகுதி, குறையுள்ள பொருளால் ஏற்படும் கேட்டுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விற்பதானால், 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்த பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி, அங்கேயே பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு வைத்திருக்க வேண்டும். இதற்கென்றே சேவை நிறுவனங்கள் உள்ளன. அவற்றின் ஆண்டுக் கட்டணத்தைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் கேட்பது?

உலக அளவில் ஏறுபவர்களுக்குப் பழக்கமான தளம் கிக்ஸ்டார்ட்டர். இலக்கை எட்டினால் மட்டுமே பணம், எட்டாவிட்டால் ஒரு காசும் இல்லை என்பது அதன் விதி. தளக் கட்டணம் 5 சதவீதம். பணம் செலுத்தும் சேவைக்கு அதன் மேல் 3 முதல் 5 சதவீதம். மாதிரி இல்லாமல் கணினியில் வரைந்த அழகிய படங்களை மட்டும் காட்டிப் பணம் கேட்பதை அது அனுமதிப்பதில்லை. ஆனால் நிதி கேட்பவர் வசிக்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இருக்கிறது, மலேசியா இல்லை. எனவே பினாங்குக்காரர், சிங்கப்பூரில் நிறுவனம் பதிந்து அங்கே வசிக்கும் இயக்குநர் ஒருவரையும் வங்கிக் கணக்கையும் ஏற்பாடு செய்ய வேண்டும். அல்லது தகுதியுள்ள நாட்டில் இருக்கும் கூட்டாளியோடு எழுத்துமூல ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். ஜொகூர் பாலத்துக்கு அப்பால் அண்ணனோ அத்தை மகனோ இருக்கிறார் என்பதற்காக அவர் பெயரில் வாய்மொழியாகத் தொடங்கிவிடாதீர்கள். பணம் அவர் கணக்கில் விழும், வரியும் அவர் பெயரில் வரும், பொறுப்பும் அவர் தலையில்தான் நிற்கும். உறவு கெடுவதற்கு இதைவிட வேறு வழி தேவையில்லை.

உள்நாட்டில் 2012இல், பணத்துக்கு ஈடாகப் பொருள் தரும் வெகுமதி வகைத் திரள்நிதித் தளமாகத் தொடங்கிய பிட்ச்இன், பின்னர் பங்கு வகைக்குத் திரும்பியது. பங்கு வகைத் திரள்நிதிக்கு 2015இல் சட்டகம் வகுத்து, ஆசியான் நாடுகளுள் முந்திக்கொண்டது மலேசியப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம். அந்த வழியில் பணம் கொடுப்பவர் உங்கள் நிறுவனத்தின் பங்குதாரர் ஆகிறார். சென்டிரியான் பெர்ஹாட் எனப்படும் தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமும், கணக்கறிக்கையும், வளர்ச்சித் திட்டமும் வேண்டும். ஒரே ஒரு கருவிக்கு இது பொருந்தாது. பல கருவிகளைக் கொண்ட தொழிலாக வளர்த்த பின்னர் நினைக்கலாம்.

மூன்றாவது வழி, சொந்த இணையக் கடையில் முன்பதிவு வாங்குவது. கட்டணம் குறைவு. ஆனால் இலக்கை எட்டாவிட்டால் திருப்பித் தரும் ஒழுங்கு நம் கையில்தான் இருக்கும் என்பதால், வாங்கிய பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் தொடாமல் வைத்திருக்கும் மனவுறுதி வேண்டும். எந்த வழியானாலும் எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவன ஆணையத்தில் வணிகத்தைப் பதிந்துகொள்ளுங்கள். திரண்ட பணம் பரிசு அன்று, வணிக வரவு என்பதால், உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும்.

இலக்குத் தொகையைக் கணக்கிடுதல்

பெரும்பாலான முயற்சிகள் நிதி கிடைத்த பிறகுதான் முறிகின்றன. காரணம், இலக்கை நிர்ணயித்த கணக்கு தவறாக இருப்பது. ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

காப்புரிமை, ஜிக், காணொளி, ஐரோப்பியப் பொறுப்பாளர், மாதிரிகள் ஆகியவற்றின் நிலையான செலவு 24,000 ரிங்கிட் என்று கொள்வோம். ஒரு கருவியைச் செய்யப் பட்டறை கேட்பது 34 ரிங்கிட். பெட்டிக்கும் மாற்றுத் துண்டுகளுக்கும் 6 ரிங்கிட். விற்பனை விலை, அஞ்சல் நீங்கலாக, 110 ரிங்கிட். தளத்துக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் 10 ரிங்கிட் போனால் கையில் 100 வரும். அதில் 40 செலவு போக 60 மிஞ்சும். 24,000ஐ 60ஆல் வகுத்தால் 400 கருவிகள். எனவே இலக்கு 44,000 ரிங்கிட் என்று பலர் எழுதிவிடுவார்கள்.

பட்டறை என்ன சொல்லியிருக்கும்? 34 ரிங்கிட் விலை 500 துண்டுகள் கேட்டால்தான். 400 பேர் மட்டுமே வாங்கினாலும் 500க்கு 17,000 ரிங்கிட் கொடுத்தாக வேண்டும். அப்போது வரவு, பெட்டிச் செலவு நீங்க, 400ஐ 94ஆல் பெருக்கினால் 37,600. செலவோ 41,000. இலக்கை எட்டி, எல்லோரும் வாழ்த்திய பிறகு, 3,400 ரிங்கிட் கையிலிருந்து போகிறது. சரியான கணக்கு, 41,000ஐ 94ஆல் வகுப்பது. விடை 437 கருவிகள். இலக்கு சுமார் 48,000 ரிங்கிட். பட்டறையின் குறைந்தபட்ச எண்ணிக்கையைக் கணக்கில் சேர்க்காத இலக்கு இலக்கே அன்று. இதன் மேல் சில அட்டைகள் பணம் தராமல் மறுக்கும் என்பதையும், நீங்கள் சிங்கப்பூர் வெள்ளியிலோ அமெரிக்க டாலரிலோ வாங்கி ரிங்கிட்டில் செலவழிப்பதால் நாணய மதிப்பு இடையில் மாறும் என்பதையும் எண்ணிக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். விலையை எல்லையின்றி உயர்த்தவும் முடியாது. சாதாரண நட் டூலே சில பத்து டாலருக்குக் கிடைக்கும்போது, உங்களுடையது அதைவிட எவ்வளவு மேலானது என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது.

அஞ்சல் செலவை விலைக்குள் புதைக்காமல், நாடுவாரியாகத் தனியே வாங்குவதே பாதுகாப்பு. 2025 ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்கா, 800 டாலருக்கு உட்பட்ட சிறு பொதிகளுக்கு அளித்துவந்த சுங்க விலக்கை எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் எந்த விலைப் பொருளுக்கும் மதிப்புக்கூட்டு வரி உண்டு. பிரிட்டனில் 135 பவுண்டு வரையிலான பொருளுக்கு விற்பவரே அந்த வரியை வசூலிக்க வேண்டும். வாங்குபவரிடம் அவர் வாசலில் எதிர்பாராத வரியைக் கேட்டால், கோபம் அஞ்சல்காரர் மீது திரும்பாது.

பக்கமும் காணொளியும்

இரண்டு நிமிடக் காணொளி போதும். முதல் 15 நொடிக்குள் சிக்கிய நட் வெளியே வந்துவிட வேண்டும். உங்கள் வாழ்க்கை வரலாறு அதன்பின் வரட்டும், வராவிட்டாலும் குறையில்லை. சோதனை அட்டவணை, வரைபடம், எடை, உலோகம், செய்யும் பட்டறை இருக்கும் ஊர் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும் என்பதால், அந்த மொழி நன்கு அறிந்த ஏறுபவர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஆபத்துகளும் சவால்களும் என்ற பகுதியில் வெறும் பணிவுரை எழுதாமல், வெப்பப் பதத்தில் சில துண்டுகள் வளையலாம், அப்படியானால் மூன்று வாரம் தாமதமாகும் என்பது போன்ற திட்டமான செய்திகளை எழுதுங்கள். வெகுமதி வகைகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒரு கருவி, இரண்டு கருவி, ஏறுபவர் மன்றங்களுக்குப் பத்து கருவி என்ற அளவில் நிறுத்துங்கள். சட்டையும் குவளையும் சேர்ப்பவர் துணிக்கடை நடத்தப்போகிறார்.

காலம் குறித்தல்

வாங்குபவர்களுள் பெரும்பாலோர் வட அரைக்கோளத்தில் இருப்பதால், அவர்கள் பருவத்துக்குத் தயாராகும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் நிதி கேட்க ஏற்றவை. ஆனால் அப்போது கேட்டுவிட்டு அந்தக் கோடைக்கே கொடுப்பதாகச் சொல்லக்கூடாது. சீனப் புத்தாண்டை ஒட்டிப் பினாங்குப் பட்டறைகள் பல ஒன்று இரண்டு வாரம் மூடியிருக்கும். அதன் முன்னும் பின்னும் வேலை குவிந்திருக்கும். இலக்கு எட்டி, பணம் கைக்கு வர மேலும் இரண்டு வாரம் ஆகும். அதன் பிறகு உலோகம் வாங்கி, வெட்டி, பதமாக்கி, சரிபார்த்து, பெட்டியிலிட்டு முடிக்க நான்கு மாதம் என்று பட்டறை சொன்னால் ஏழு மாதம் என்று பக்கத்தில் எழுதுங்கள். 2015இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈதன் மோலிக் நடத்திய ஆய்வில், நிதி பெற்ற கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களுள் 9 சதவீதம் வெகுமதியைக் கொடுக்கத் தவறியது தெரியவந்தது. முன்கூட்டி வந்தால் யாரும் குறைசொல்வதில்லை.

30 நாள் போதும். தளம் 60 நாள் வரை அனுமதித்தாலும், நடுவில் வரும் வறண்ட வாரங்கள் நீளுமே தவிர வரவு கூடாது. தொடங்குவதற்கு முன்பே அறிவிப்புப் பக்கத்தைத் திறந்து, மாதிரியைச் சோதித்தவர்கள் வழியாக ஆர்வமுள்ளவர்களின் மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்து வையுங்கள். முதல் இரண்டு நாளில் வரும் தொகை பெரும்பாலும் அந்தப் பட்டியலிலிருந்துதான் வரும். கோலாலம்பூரின் உள்ளரங்க ஏற்ற மையங்களில் ஒரு மாலை செய்து காட்டினால் பணம் அதிகம் வராவிட்டாலும், கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களின் கேள்விகள் கிடைக்கும். அவற்றைக் கேள்வி-பதில் பகுதியில் சேர்த்துக்கொள்ளலாம்.

நிதி கிடைத்த பிறகு

நிதி கிடைத்த மறுநாளே 500க்கும் ஆணை கொடுத்துவிடாதீர்கள். முதலில் 20 துண்டுகளை, இறுதி முறையில், இறுதி உலோகத்தில், லேசரில் வெட்டிப் பதமாக்கச் சொல்லுங்கள். அவற்றை அதே கருங்கல் சட்டத்தில் அதே இறுக்கத்தில் சோதித்து, வயர் கட் மாதிரியோடு ஒப்பிடுங்கள். கொக்கியின் கனம் 0.2 மில்லிமீட்டர் மாறினாலும் சிறு நட்டின் பின்னால் நுழையாது. இதில் தேறிய பின்னரே மீதிக்கு ஆணை.

பணம் கொடுத்தவர்களுக்கு மாதம் ஒரு முறையாவது எழுதுங்கள். நல்ல செய்தி இல்லாத மாதத்தில் கட்டாயம் எழுதுங்கள். தாமதம் என்றால் காரணத்தையும் புதிய தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள், பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள். அமைதியாக இருந்தால் இரண்டாம் வாரத்திலேயே ஏமாற்றுக்காரர் என்ற பேச்சு தொடங்கும்.

ஒவ்வொரு கருவியிலும் தொகுப்பு எண்ணைப் பொறியுங்கள். வெப்பப் பதத்தில் கோளாறு நேர்ந்து சில துண்டுகள் முறிந்தால், முழு 500ஐயும் திரும்பப் பெறாமல், அந்தத் தொகுப்பை மட்டும் மாற்றிக் கொடுக்க இது உதவும். அதற்காகவே, விற்காமல் மிஞ்சும் கருவிகளுள் ஐம்பதையாவது தள்ளுபடி விலையில் விற்றுவிடாமல், எந்தத் தொகுப்பு என்று குறித்து ஓராண்டுக் காலம் பத்திரமாக வைத்திருங்கள்.